நூறு எலுமிச்சம்பழமும் மூணு பாகும்

நூறு எலுமிச்சம்பழத்தை ஒரே மூச்சில் பிழிஞ்ச அனுபவம் இருக்கா உங்களுக்கு? எனக்கு இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுக் குக்கரைத் தொட்டாக்கூட எலுமிச்சை வாசம்தான். விரல் நகத்துக்கு ஓரத்தில் சின்னக் கீறல் எங்கெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா இதைவிட நல்ல வழி கிடையாது. சுருக்குன்னு காட்டிக் கொடுத்துடும் :-)

விஷயம் இதுதான். அப்பாவுக்கு எழுபது வயசு. சாந்தி, ஹோமம் எல்லாம் வேண்டாம்னு அப்பாவே சொல்லிட்டார். மே மாசக் கடைசியில் ஒரு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம், எங்க மொட்டை மாடியில் சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், அப்பாவோட பழைய டிப்போ நண்பர்கள்னு ஒரு நாற்பத்தஞ்சு பேர். சாப்பாடு பக்கத்துத் தெரு மெஸ்ல சொல்லியாச்சு. இடியாப்பம், பரோட்டா, குருமா, கேசரி. அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல, நல்லா இருந்தது. குடிக்க என்ன வைக்கிறதுங்கறதுலதான் ஆரம்பிச்சது பஞ்சாயத்து.

"பவண்டோ ரெண்டு கேஸ் வாங்கி ஐஸ்ல போட்டுட்டாப் போச்சு"ன்னார் ரங்கமணி. எனக்கு பவண்டோ மேல கோபமெல்லாம் இல்ல. 1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்ச காளிமார்க்கோட சரக்கு, நம்ம ஊர்ப் பெருமை. ஆனா இந்த வீட்டுல இந்த வருஷம் தாகம்ங்கறது சாதாரண வார்த்தை இல்ல. அதனால குடிக்கிற விஷயத்தை பாட்டிலைத் திறந்து ஊத்தி முடிக்க எனக்கு மனசு வரலை.

அப்பா ஒண்ணரை வருஷமா டயாலிசிஸ்ல இருக்கார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து கிட்னியை முடிச்சுடுச்சு. செவ்வாய், வியாழன், சனி, தடவைக்கு நாலு மணி நேரம். ஒண்ணுக்கு அநேகமா போறதில்ல. அதனால குடிக்கிற தண்ணியெல்லாம் உடம்புலயே நிக்கும். ஒரு லிட்டர் குடிச்சா எடை ஒரு கிலோ ஏறும், கணக்கு அவ்வளவு சுத்தம். டாக்டர் அவருக்குக் கொடுத்திருக்கற அளவு ஒரு நாளைக்கு 800 மில்லி. அதுல காப்பி, ரசம், மாத்திரை போடற தண்ணி, இட்லிக்கு ஊத்தற சாம்பார் எல்லாம் அடக்கம். ஐஸ் கட்டியை வாயில போட்டாக்கூட அது தண்ணிக் கணக்குதான்.

இதுல கொடுமை என்னன்னா அப்பா பஸ் கண்டக்டரா இருந்தவர். மதுரை-திருநெல்வேலி ரூட்ல வருஷக்கணக்கா ஓடினவர். திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டின்னு ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் எந்தக் கடையில சர்பத் நல்லா இருக்கும்னு அவருக்கு மனப்பாடம். கோடை லீவுல எங்களை அந்த பஸ்ல கூட்டிட்டுப் போவார். நானும் தம்பியும் ஜன்னல் வழியாக் கையை நீட்டி வாங்கின நன்னாரி சர்பத் டம்ளர் இன்னும் ஞாபகம் இருக்கு. பஸ் கிளம்பறதுக்குள்ள குடிச்சுட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கணும், அந்த அவசரத்துல பாதி சட்டையில் போகும். அப்படி இருந்த மனுஷன் இப்ப 100 மில்லி எவர்சில்வர் டம்ளரை வச்சுக்கிட்டு மணி பார்த்துக் குடிக்கிறார்.

நிற்க. எலுமிச்சைக்கு வருவோம்.

பானம் நானே போடறேன், எலுமிச்சை ஜூஸ், மூணு விதமான பாகுன்னு சொன்ன உடனே வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! ஆனா யோசிச்சுப் பாருங்க, இதுல பெரிய வித்தையே கிடையாது. சர்பத் கடைக்காரர் என்ன பண்றார்? பழத்தைத் தனியா வச்சிருக்கார், பாகைத் தனியா வச்சிருக்கார், தண்ணியோ சோடாவோ தனியா இருக்கு. ஆள் வந்து நின்னதும் கலக்கறார். காலையிலேயே அண்டாவுல கலந்து வச்சா சாயங்காலம் அது கல்யாண வீட்டு ஜூஸ் மாதிரி சப்புன்னு ஆயிடும், ஐஸ் கரைஞ்சு கரைஞ்சு தண்ணியாயிடும். மூணையும் தனித்தனியா வச்சுக்கிட்டா எத்தனை பேர் வந்தாலும் கவலையில்ல, மிச்சமானதும் வீணாகாது.

கணக்கு இப்படிப் போட்டேன். 200 மில்லி டம்ளர் ஒண்ணுக்கு 20 மில்லி சாறு, 40 மில்லி பாகு, மிச்சம் தண்ணியும் ஐஸும். சர்க்கரையும் தண்ணியும் சம எடை போட்டுக் காய்ச்சின பாகுன்னா 40 மில்லியில சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும். எண்பது டம்ளர் வரும்னு வச்சா ஒண்ணரை லிட்டருக்கு மேல சாறு வேணும். நம்ம ஊர்ச் சின்ன எலுமிச்சை ஒண்ணு பதினஞ்சுல இருந்து இருபது மில்லி கொடுக்கும். ஆக நூறு பழம்.

(வெளிநாட்டுச் சமையல் குறிப்புல 'ஆறு லெமன்'னு போட்டிருந்தா அப்படியே ஆறு பழம் வாங்காதீங்க மக்களே. அது பெரிசா, மஞ்சளா, தடித் தோலோட இருக்கற வேற பழம். அங்க லைம்னு சொல்றதுக்குத்தான் நம்ம எலுமிச்சை நெருங்கின சொந்தம்.)

பழம் மாட்டுத்தாவணி மார்க்கெட்ல வாங்கினது. புளியங்குடிப் பழம்னு சொல்லிக் கொடுத்தார் வியாபாரி. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிக்கு எலுமிச்சை ஊர்னே பேர். கோடையில எலுமிச்சை விலை எப்ப எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. 2022 ஏப்ரல்ல ஒரு பழம் பத்து ரூபாயைத் தாண்டிப் போனது ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி வருஷமா இருந்திருந்தா நானும் பவண்டோவுக்குத் தலையாட்டியிருப்பேன். பச்சையும் மஞ்சளும் கலந்து, தோல் மெல்லிசா, கையில கனமா இருக்கற பழமாப் பொறுக்கினேன். தோல் சொரசொரன்னு தடிச்சிருந்தா உள்ள ஒண்ணும் இருக்காது.

இப்ப பாகு.

முதல் பாகு இஞ்சி. கால் கிலோ இஞ்சியைத் தோல் சீவி, அரைச்சு, துணியில பிழிஞ்சு, அந்தச் சாறை அரை மணி நேரம் அசையாம வச்சுடணும். அடியில வெள்ளையா மாவு மாதிரி படியும். அதை விட்டுட்டு மேலே இருக்கற தெளிவை மட்டும் எடுத்துக்கணும். முக்கால் கிலோ சர்க்கரையை 600 மில்லி தண்ணியில கரைச்சுக் கொதிக்க விட்டு, ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு (பாகு ஆறினப்புறம் கற்கண்டு மாதிரி உறையாம இருக்க இது உதவும்), அடுப்பை அணைச்சுட்டு இஞ்சித் தெளிவை ஊத்தினேன். கொதிக்கற பாகுலயே இஞ்சியைப் போட்டா காரம் நிக்கும், புது இஞ்சி வாசம் போயிடும். புதினா வேணுங்கறவங்களுக்கு பரிமாறும்போது நாலு இலையை உள்ளங்கையில வச்சு ஒரு தட்டுத் தட்டி டம்ளர்ல போட்டாப் போதும். புதினாவைக் காய்ச்சிப் பாகாக்கறது எனக்குப் பிடிக்காத வேலை. பழுப்பு நிறமாயி, ஆறிப்போன கஷாயம் மாதிரி இருக்கும்.

ரெண்டாவது சங்குப்பூ. இது முழுக்க முழுக்கப் பிள்ளைங்களுக்காக. எங்க குடியிருப்போட பின்பக்கச் சுவர் முழுக்க நீலச் சங்குப்பூக் கொடிதான். மருந்து கிருந்து அடிக்காத கொடி, அதனால பயமில்ல. நாற்பது பூ, பச்சைக் காம்பைக் கிள்ளிட்டு, அரை லிட்டர் சுடுதண்ணியில பத்து நிமிஷம். நீலமா இறங்கும் பாருங்க, இங்க் பாட்டில் தோத்துப் போகும். அதுல அரைக் கிலோ சர்க்கரை போட்டுப் பாகு. வாசனைன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது, வேடிக்கைதான் இதுல விஷயம். எலுமிச்சை விட்ட நிமிஷம் நீலம் ஊதாவாகும், இன்னும் கொஞ்சம் விட்டா ரோஸ் ஆகும். பூவுல இருக்கற அந்தோசயனின்கற நிறம் புளிப்பு பட்டா மாறும். பள்ளிக்கூட லேப்ல லிட்மஸ் பேப்பர் பார்த்தோமே, கிட்டத்தட்ட அதே கதை.

மூணாவது நன்னாரி. இங்கதான் எனக்குச் சிக்கல்.

பார்ட்டி யாருக்கு? அப்பாவுக்கு. அப்பாவுக்குப் பிடிச்சது எது? நன்னாரி. அப்பாவுக்கு ஆகாதது எது? அதேதான். ஆஸ்பத்திரியில முதல் நாளே டயட்டீஷியன் மேடம் தெளிவாச் சொல்லிட்டாங்க: வேர், பட்டை, மூலிகை, கஷாயம் எதுவா இருந்தாலும் கேட்காம வாயில வைக்கக் கூடாது. இந்தத் தடவை நான் நன்னாரியைப் பத்திப் பேர் சொல்லியே கேட்டேன். "வேணாம்மா, அவருக்கு வேணாம்"னு ஒரே வரி. எலுமிச்சை கொஞ்சம் சேர்த்துக்கலாமான்னு கேட்டதுக்கு மட்டும் சரின்னாங்க. ஒரு பழத்துச் சாறுல பொட்டாசியம் ரொம்பக் கம்மி, இருபது மில்லிகிராம் பக்கம்தான். அதோட புளிப்பு நாக்குல பட்டா எச்சில் ஊறும், வறட்சி தெரியாதுன்னு அவங்களே சொன்னாங்க. உப்பு மட்டும் போடவே கூடாது, உப்பு போட்டா தாகம் இன்னும் கூடும்.

அதனால நன்னாரியை விட்டுட்டு ரோஸ் பாகு பண்ணலாம்னு இருந்தேன். அவர் பிறந்தநாளுக்கு வந்தவங்க எல்லாரும் அவர் முன்னாலயே நன்னாரியைக் குடிக்கிறதும், அவர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறதும் எப்படி? இதை அம்மாகிட்ட மெதுவாத்தான் சொன்னேன். ஆனா எங்க வீட்டுச் சமையலறைக்கும் அப்பாவோட கட்டிலுக்கும் நடுவுல ஒரு சுவர்தான்.

"பாப்பா, இங்க வா"ன்னு குரல்.

போய் நின்னேன்.

"எனக்கு ஆகாதுன்னா ஊர்ல உள்ளவன் எல்லாம் வாயைக் கட்டணுமா? நம்ம டிப்போ ஆளுக வருவாங்க. அவங்களுக்கு ரோஸ் மில்க் மாதிரி என்னத்தையோ கலக்கிக் கொடுத்தேன்னா எனக்குத்தான் அசிங்கம். நன்னாரி போடு."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதாப்பா?"

"இருக்கும். அதுக்கு என்ன பண்ண?"

அவ்வளவுதான். பேப்பரை விரிச்சுக்கிட்டார். எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு, அவர் பார்க்கறதுக்குள்ள உள்ள வந்துட்டேன்.

வேர் வாங்கினது கீழ மாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில. 100 கிராம். அதைக் கழுவி, கொஞ்ச நேரம் ஊற வச்சு, அம்மிக் குழவியால லேசாத் தட்டினா மேல்தோல் பிரியும். நடுவுல வெள்ளையா இருக்கற நரம்பு மாதிரிக் குச்சியைத் தூக்கிப் போட்டுடணும். வாசனை எல்லாம் தோலில்தான். தோலை மட்டும் கொதிச்ச தண்ணி ஒரு லிட்டர்ல போட்டு மூடி ராத்திரி முழுக்க வச்சாச்சு. காலையில வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, கரைஞ்சு ரெண்டு கொதி வந்ததும் இறக்கணும். நிறைய நேரம் காய்ச்சினா வாசம் எல்லாம் சமையலறைக்குப் போயிடும், பாகுக்கு ஒண்ணும் மிஞ்சாது. கடையில விக்கிற நன்னாரி மாதிரி கருஞ்சிவப்பா வராது. அது பெரும்பாலும் கேரமல் கலர். வீட்டு நன்னாரி டீத்தண்ணி நிறத்துலதான் இருக்கும். ஜிகர்தண்டாவுக்கு ஊத்தறவங்க இந்த நிறத்தைப் பார்த்தா 'என்னம்மா இது'ன்னு கேப்பாங்க.

ஒரு கரண்டி பாகைக் கிண்ணத்துல எடுத்துட்டுப் போய் அப்பாகிட்ட நீட்டினேன். ருசி பார்க்கறதுக்கு இல்ல, மூக்குக்கு. அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, கிண்ணத்தை மூக்குகிட்ட வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தார்.

"சாத்தூர்ல ஒருத்தன் போடுவான். அவன் வேரைத் தட்டறதுக்கு முந்தி வெயில்ல காய வைப்பான். இது ஈர வாசம் அடிக்குது. நாளைக்கு இன்னொரு அம்பது கிராம் வாங்கி, காய வச்சு, தனியா ஊற வச்சு இதுல சேர்."

சொன்னபடியே செஞ்சேன். மறுநாள் கிண்ணத்தை மோந்து பார்த்துட்டு "ம்"னார். கண்டக்டர் டபுள் விசில் கொடுத்த மாதிரி. சரியா இருக்குன்னு அர்த்தம்.

அவரோட டம்ளருக்கு நான் தனியா ஒரு ஏற்பாடு வச்சிருந்தேன். நாலு நாள் முன்னாடியே எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, காய்ச்சி ஆற வச்ச தண்ணி நாலு பங்கு, இஞ்சித் தெளிவு ரெண்டு சொட்டு, இதை ஐஸ் தட்டுல ஊத்தி வச்சேன். ஒவ்வொரு குழியும் 15 மில்லி, ஊசி போடற சிரிஞ்சால அளந்து ஊத்தினது. (ரங்கமணி: "பார்மசி கம்பெனி ஆரம்பிச்சுட்டியா?") கட்டி ஒண்ணு வாயில நின்னு கரைய அஞ்சாறு நிமிஷம் ஆகும். அதே 15 மில்லி தண்ணியைக் குடிச்சா ஒரு நொடி கூட ஆகாது. தாகத்துக்கு எது பெரிசுன்னு நீங்களே பார்த்துக்குங்க. சர்க்கரைக்காரர், அதனால பாகு கிடையாது.

அன்னிக்குக் காலையில பிழியற வேலை. தம்பி பெங்களூர்ல இருந்து வந்திருந்தான், அவனையும் உட்கார வச்சேன். பழத்தைப் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, தரையில வச்சு உள்ளங்கையால உருட்டி, குறுக்கால வெட்டிப் பிழியணும். கடைசிச் சொட்டு வரைக்கும் நசுக்கறது கூடாது. தோல் எண்ணெயும் வெள்ளைத் தோலும் இறங்கினாக் கசக்கும். விதையை உடனே வடிகட்டிடணும், விதை ஊறினாலும் கசப்புதான். தம்பி ஜிம்முக்குப் போற கையால பழத்தைப் பிழிஞ்சுட்டு இருந்தான், "டேய், அது எலுமிச்சம்பழம்டா, உன் மேனேஜர் கழுத்து இல்ல"ன்னு சொல்ல வேண்டியிருந்தது.

எதிர் வீட்டு மாமி அன்போட ஒரு அலுமினிய அண்டாவைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. அதைச் சாதம் வடிக்க வச்சுக்கறேன்னு சமாளிச்சேன். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை ரெண்டுலயும் எலுமிச்சை நிக்கக் கூடாது, புளிப்பு உலோகத்தை இழுக்கும். வாடகைப் பாத்திரக் கடையில குழாய் வச்ச எவர்சில்வர் டிரம் கிடைக்கும். அதுல கேன் தண்ணி. அந்த டிரம்மை ஒரு பெரிய டப்புல உட்கார வச்சு, சுத்தியும் ஐஸ் பார் உடைச்சுப் போட்டோம். கடை ஐஸ் பார் வெளியே மட்டும்தான். டம்ளருக்குள்ள போற ஐஸ் எல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் பக்கத்து ரெண்டு வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் மூணு நாளாச் சேர்த்தது. ஐஸ் பார் எந்தத் தண்ணியில செஞ்சதுன்னு யாருக்குத் தெரியும், மீன் பெட்டிக்கும் அதேதான் போகுது.

ருசி பார்க்கறதுல ஒரு சின்ன விஷயம். ஐஸ் போட்டப்புறம் பாருங்க. சில்லுன்னு ஆனா நாக்குக்கு இனிப்பு கம்மியாத் தெரியும். சாதா சூட்டுல சரியா இருக்கறது ஐஸ்ல புளிக்கும்.

சாயங்காலம் அஞ்சரை மணி. வெயில் இறங்கின மாடியில தண்ணி தெளிச்சு, மேஜை போட்டு, மூணு பாகையும் கண்ணாடி ஜாடியில ஊத்தி வச்சேன். கலக்கிக் கொடுக்கற வேலையை யார் பார்க்கறதுன்னு நான் யாரையும் கேட்கலை. அப்பா தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு மேஜைக்குப் பின்னால உட்கார்ந்துட்டார். முந்தின நாள் சனிக்கிழமைதான் டயாலிசிஸ் ஆகியிருந்தது, அதனால உடம்பு கொஞ்சம் தெளிச்சலா இருந்தது. பழைய தோல் பை ஒண்ணைத் தோள்ல மாட்டியிருந்தார். அது எங்க இருந்து வந்ததுன்னு அம்மாவுக்கே தெரியலை.

"வாங்க வாங்க, நன்னாரி, இஞ்சி, ஊதா. ஊதா சின்னப் புள்ளைகளுக்கு மட்டும். சில்லறை இல்லேன்னாலும் பரவால்ல."

பிள்ளைங்க வரிசையில நின்னாங்க. நீலத் தண்ணியில எலுமிச்சை விட்டு அது ஊதாவாகறதைப் பார்க்கறதுக்கே ஒருத்தன் அஞ்சு தடவை வந்தான். "ஏய், நீ ஏற்கெனவே டிக்கெட் வாங்கிட்ட"ன்னு அப்பா விரட்டிட்டே ஊத்தினார். டிப்போ நண்பர்கள் நன்னாரியைக் குடிச்சுட்டு "விருதுநகர் ஸ்டாண்டு"ன்னார் ஒருத்தர், "இல்ல, கோவில்பட்டி"ன்னார் இன்னொருத்தர். அப்பா ரெண்டு பேரையும் பார்த்து, "சாத்தூர்"னு திருத்தினார். என் செய்முறையில பாதி அவரோடதுங்கறதால நான் வாயைத் திறக்கலை.

அத்தை வந்தாங்க. கையில ரெண்டு இளநீர். அண்ணன் மேல உசிரு அவங்களுக்கு. "கிட்னிக்கு இளநியைவிட நல்லது என்னடி இருக்கு? இந்தக் கலர்த் தண்ணியெல்லாம் எதுக்கு? அண்ணே, இதை ஒரு வாய் குடி."

இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிடறேன், ஏன்னா எல்லா வீட்டுலயும் ஒரு அத்தை உண்டு. நல்ல கிட்னி இருக்கறவங்களுக்கு இளநீர் நல்லதுதான். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு அது ஆபத்து. ஒரு இளநீர்ல 500 மில்லிகிராமுக்கு மேலயே பொட்டாசியம் இருக்கும். அப்பாவுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டுல சேர்த்தே 2000-த்தைத் தாண்டக் கூடாது. கீரை, காய்கறியைக்கூட நாங்க வேக வச்ச தண்ணியைக் கொட்டிட்டுத்தான் சமைக்கிறோம். ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயம் தாளம் தப்பும், நின்னும் போகலாம். முன்னறிவிப்பு கொடுக்கும்னு நிச்சயம் கிடையாது. 'இயற்கையானது'ங்கற ஒரே காரணத்துக்காக யாருக்கும் எதையும் ஊட்டாதீங்க.

இதையெல்லாம் அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள அப்பாவே கையைக் காட்டினார். "பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடு தாயி. எனக்கு இங்க தனி சர்பத் இருக்கு." சொல்லிட்டு என்னைப் பார்த்தார். நான் ஐஸ் கட்டிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வச்சேன். ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, கண்ணை மூடினார். அத்தை அவரையே பார்த்துட்டு நின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு "என்னண்ணே அது, நல்லாருக்கா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

"புளிக்குது"ன்னார். "நல்லாப் புளிக்குது."

அத்தைக்கும் ஒண்ணு நீட்டினார். அவங்க வாயில போட்டு முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சாங்க. புளிப்புனாலன்னு சொன்னாங்க. ராத்திரி எட்டு மணி வரைக்கும் ரெண்டு பேரும் மேஜைக்குப் பின்னாலயே உட்கார்ந்திருந்தாங்க. அத்தை பாகு ஊத்த, அப்பா எலுமிச்சை விட. நன்னாரி முதல்ல தீர்ந்தது. எங்க அம்மா மட்டும் தூரத்துல நின்னு ஐஸ் கட்டியை எண்ணிட்டு இருந்தாங்க. ஏழு. 105 மில்லி. ராத்திரி சாப்பாட்டுக்கு குருமாவும் இல்ல, ரசமும் இல்ல. வெறும் இட்லி, சட்னி தொட்டுக்க.

டிப்போ நண்பர்கள் கிளம்பும்போது ஒருத்தர் வழக்கமா சொல்றதைச் சொன்னார்: "அடுத்த வருஷமும் இப்படியே போட்ருவோம்ணே." அப்பா பதில் சொல்லலை. தோல் பையைக் கழட்டி அவர் தோள்ல மாட்டிவிட்டார். "நீ வச்சுக்க. எனக்கு இது கனமா இருக்கு." அவர் அதை வாங்கிக்கிட்டு என்ன பேசறதுன்னு தெரியாம படியிறங்கிப் போனார். நான் ஜாடியெல்லாம் கழுவிட்டு இருந்தேன். கழுவற சத்தம் கொஞ்சம் அதிகமாவே கேட்டிருக்கும்.

மிச்சமான கணக்கையும் சொல்லிடறேன், கேட்பீங்க. சாறு ஒரு டம்ளர் மிஞ்சினது, அதை ஐஸ் தட்டுல ஊத்தியாச்சு. இஞ்சிப் பாகு ஒரு பாட்டில். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும், அதுக்கு மேல வாசம் மாறும். நீலம் கால் பாட்டில், அது மூணே நாள்ல என் பொண்ணு புண்ணியத்துல காலி. நன்னாரியை நாள்பட வைக்கணும்னா சர்க்கரையை ரெண்டு பங்காக்கிக் கெட்டியாக் காய்ச்சுங்க. சம அளவுப் பாகு ரொம்ப நாள் நிக்காது.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போனப்ப எடை போட்டாங்க. ரெண்டு நாள் இடைவெளிக்கு வழக்கமா ரெண்டரை கிலோ ஏறியிருக்கும். அன்னிக்கு ரெண்டு கிலோ நூறு. நர்ஸ் தங்கச்சி "என்னய்யா, பார்ட்டியெல்லாம் வச்சுட்டு எடை கம்மியா வந்திருக்கீங்க?"ன்னு கேட்டிருக்கு. அப்பா ஐஸ் கட்டி விவரத்தை அந்தப் பொண்ணுக்குச் சொல்லி, பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சொல்லி, அவர் மனைவி எனக்கு ஃபோன் பண்ணி எத்தனை பங்கு தண்ணின்னு கேட்டாங்க. ஒண்ணுக்கு நாலுன்னு சொன்னேன். உப்பு கூடாது, எலுமிச்சை உங்களுக்கு ஆகுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்குங்கன்னும் சொன்னேன்.